பதினாறு பட்டையும் பாலிகன் கட்டளையும்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். பல்கலைக்கழக வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. 1929-இல் பல்கலைக்கழகம் பிறந்ததும், 1945-இல் பொறியியல் கல்வி தொடங்கியதும், 2013-இல் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்ததும் எல்லோரும் அறிந்ததே. எனவே நான் சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் என்ற பேதமில்லாமல் நம் எல்லோரையும் முதல் வருஷம் வரைபலகை முன்னால் நிறுத்திய பாடம் என்ஜினியரிங் டிராயிங். அந்தப் பாடம் ஏன் நமக்குப் பதினெட்டு வயதில்தான் வந்து சேர்ந்தது? ஆறாம் வகுப்பில் ஏன் வரவில்லை?

இந்தக் கேள்வி எனக்கு வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் பண்ருட்டி பக்கத்திலுள்ள திருவதிகை. மூன்று வருஷமாகச் சனிக்கிழமைகளில், எங்கள் பகுதி நடுநிலைப் பள்ளி ஒன்றில் 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் தொழில்நுட்ப வரைபடம் போடச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சுருக்கமாக 'கேட்' வகுப்பு. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்காத ஆளில்லை. அதற்கான பதிலைத் தேடிப் போனதில் கிடைத்த சரித்திரம்தான் இது.

முதலில் பாடத்தின் பிறப்பு. ஒரு கனப் பொருளை முன்தோற்றம், மேல்தோற்றம் என்று இரண்டு தளங்களில் இறக்கி, அந்த இரண்டை வைத்தே பொருளின் முழு உருவத்தையும் மீட்டெடுக்கும் முறையை ஒரு சாஸ்திரமாக ஒழுங்குபடுத்தியவர் பிரான்ஸ் நாட்டின் காஸ்பார் மோஞ்ச். 1760-களில், மெசியேர் ராணுவப் பள்ளியில் இருந்தபோது, கோட்டை கட்டும் கணக்குக்காக அவர் கண்ட வழி அது. எதிரி நாட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று பல வருஷம் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1795-இல்தான் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். அந்த ராணுவ ரகசியம்தான் நம் முதல் வருஷ மதிப்பெண் பட்டியலில் பலரைப் படுத்தி எடுத்தது!

நம் மாகாணத்துக்கு வருவோம். சென்னையில் 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. நிலம் அளக்கவும் படம் போடவும் ஆள் வேண்டியிருந்தது. அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வாரிசு. ஆக, படம் போடும் கல்வி நம் பக்கம் நுழையும்போதே இரண்டு கிளையாகத்தான் நுழைந்தது. ஒன்று அளவோடு போடும் படம், மற்றது அழகுக்குப் போடும் படம்.

பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இரண்டாவது கிளை. டிராயிங் மாஸ்டர் என்றால் நினைவுக்கு வருவது பூச்சாடி, மாம்பழம், கரும்பலகையில் வண்ணச் சாக்கட்டியில் திருவள்ளுவர். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். கை சுத்தமான கை. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மாம்பழத்துக்கு மேல்தோற்றம், பக்கத்தோற்றம் போடச் சொல்ல அவர்களுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. கணக்கு வாத்தியார் கவராயமும் மூலைமட்டமும் வைத்து முக்கோணம், நாற்கரம் போட வைத்தார். அது காகிதத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கனப் பொருள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

பழைய பதினொரு வருஷ எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் 'பைஃபர்கேட்டட் கோர்ஸ்' என்று ஒன்று இருந்தது. நம் மூத்த உறுப்பினர்களில் சிலர் அதில் பொறியியல் பிரிவு எடுத்துப் படித்தவர்களாக இருக்கலாம். 1978-இல் பிளஸ் டூ வந்தபோது அந்த இடத்துக்குத் தொழிற்கல்விப் பிரிவு வந்தது. இரண்டிலும் எண்ணம் ஒன்றுதான்: வேலைக்குப் போகிற பையனுக்கு வரைபடம், மேலே படிக்கிற பையனுக்குப் பாடப் புத்தகம். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக, தமிழ் போல, கணக்கு போல, வரைபடம் வாசிக்கச் சொல்லித் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. (பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர்களுக்குத் தையல்.)

இதற்குள் கணினி உலகில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1963-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். திரையில் ஒளிப் பேனாவால் கோணல்மாணலாக நாலு கோடு போட்டுவிட்டு, "இவை இணை, இவை செங்குத்து" என்று சொன்னால் போதும், கணினி நேராக்கிவிடும். இன்றைய கேட் மென்பொருள்கள் அனைத்துக்கும் அது முப்பாட்டன். 1967-இல் சீமோர் பாப்பர்ட்டும் கூட்டாளிகளும் 'லோகோ' என்ற கணினி மொழியைக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார்கள். ஆமையை இத்தனை அடி முன்னே போ, இத்தனை டிகிரி திரும்பு என்று ஏவினால் அது போகிற வழியே கோடு விழும். பத்து வயதுப் பிள்ளை அளவோடு படம் போடலாம் என்பது அன்றைக்கே நிரூபணம் ஆகிவிட்டது.

இந்தியாவில் 1984-இல் 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கணினிகள் போயின. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1982-இல், ஆட்டோகேட் வெளிவந்திருந்தது. அதுவரை லட்சக்கணக்கில் விலையுள்ள பெரிய இயந்திரத்தில் மட்டும் ஓடிய வேலை மேஜைக் கணினிக்கு வந்தது. ஆனாலும் ஒரு நடுநிலைப் பள்ளி நினைத்துப் பார்க்கும் விலை அல்ல. வழியைத் திறந்தவை பிற்பாடு வந்த இலவச மென்பொருள்கள்: 2002-இல் முதன்முதலாக வெளிவந்த ஃப்ரீகேட், இரு பரிமாணத்துக்கு லிப்ரேகேட், 2011-இல் பிரௌசரிலேயே ஓடும் டிங்கர்கேட். 2016-இல் நிதி ஆயோக் 'அடல் டிங்கரிங் லேப்' திட்டத்தை 6 முதல் 12-ஆம் வகுப்பு வரைக்கும் என்று அறிவித்து, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்தது. முப்பரிமாண அச்சு இயந்திரமும் அதில் உண்டு. ஆக, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கேட் என்பது நம் நாட்டில் இன்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட விஷயம்.

இயந்திரம் வந்த கதை இப்படி. சொல்லிக்கொடுக்கும் ஆளின் கதை வேறு. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள உயர் தொடக்க நிலைக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் 'பகுதி நேரப் பயிற்றுநர்' போதும் என்றது. 2012-இல் தமிழக அரசு அப்படி 16,549 பேரை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தது. பிறகு தொகை உயர்ந்தது, போராட்டங்கள் நடந்தன, செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: 20 லட்சத்துக்கு லேப் வைத்துவிட்டு, அதே பிள்ளைகளின் டிராயிங் மாஸ்டரைப் பகுதி நேரமாக வைத்திருப்பது எந்தக் கணக்கிலும் சேராது. முப்பரிமாண அச்சு இயந்திரம் தானாகப் பாடம் நடத்தாது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் லேப் கிடையாது. 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில், ஊர் அண்ணன்மார், அக்காமார் வீட்டில் சும்மா கிடந்த ஆறு கிடைத்தன. லிப்ரேகேட் அதில் தாராளமாக ஓடுகிறது.

முதல் மாசம் லேப்டாப்பைத் திறப்பதே இல்லை. ஒரு செங்கல், ஒரு சாக்பீஸ் டப்பா, ஒரு படி. மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலே நின்று பார், என்ன தெரிகிறதோ அதை மட்டும் போடு. செங்கல்லின் பள்ளம் பக்கத்தோற்றத்தில் தெரியாது, ஆனால் அங்கே இருக்கிறது. புள்ளிக் கோடு ஏன் வேண்டும் என்பது அங்கேதான் புரிகிறது. மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே போடச் சொல்கிறேன், அதாவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். 1988-இல் இந்தியத் தர நிறுவனம் பள்ளி, கல்லூரிகளுக்கென்றே வெளியிட்ட எஸ்.பி. 46 அப்படித்தான் சொல்கிறது. யூடியூபில் பிள்ளைகள் பார்ப்பது அமெரிக்க முறை, அங்கே அது மேலே இருக்கும். ஒரு பொடியன், "அவங்க ஊர்ல தலைகீழா நிப்பாங்களா சார்?" என்றான்.

அடுத்துதான் திருவதிகை. எட்டு வீரட்டானங்களில் ஒன்று, திரிபுரம் எரித்த தலம், கெடிலக் கரை, அப்பர் பெருமான் தம் முதல் பதிகம் பாடிய கோயில். பக்தி விஷயம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அங்கே வேலை வடிவியலோடு. மூலவர் பதினாறு பட்டை லிங்கம். ஒரு கல்லில் பதினாறு சமப் பட்டை எடுப்பது எப்படி? லிங்கத்தின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. சாஸ்திரப்படி அடிப்பாகம் சதுரம், நடுப்பாகம் எட்டுப் பட்டை, மேல்பாகம் வட்டம். சதுரத்தின் மூலையைக் கழித்தால் எட்டு, எட்டின் மூலையைக் கழித்தால் பதினாறு.

இதைக் கணினியில் போடக் கேட் மென்பொருளில் 'பாலிகன்' என்ற கட்டளை இருக்கிறது. பக்கம் 16 என்று தட்டினால் ஒரு நொடி. பிள்ளைகளுக்கு அந்தக் கட்டளையை நான் காட்டுவதில்லை. கோடு, வட்டம் இரண்டு மட்டும். முதலில் அட்டையில். 24 சென்டிமீட்டர் சதுரம் போடு. (மயமதம் போன்ற நூல்களில் 24 விரல் ஒரு முழம், அதனால் 24.) மூலையில் கவராயத்தைக் குத்தி, சதுரத்தின் மையம் வரை திறந்து, அந்த வில் இரண்டு பக்கத்தையும் வெட்டுமிடத்தில் புள்ளி வை. நாலு மூலைக்கும் செய்தால் எட்டுப் புள்ளி. சேர்த்தால் எண்கோணம். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் 7, 10, 7 என்று பிரிந்திருக்கும். மேலை நாட்டில் பாய்மரம் செதுக்கும் தச்சர்களும் இதே 7, 10, 7 அளவைத்தான் வைத்திருந்தார்கள்.

பிறகு அதே படம் லேப்டாப்பில், 240 மில்லிமீட்டரில். காகிதத்தில் முதலில் ஸ்கேல் முடிவு செய்துவிட்டுக் கோடு போடுவோம். கேட்டில் உண்மை அளவிலேயே போடுகிறோம், ஸ்கேல் என்பது பிரிண்ட் எடுக்கும்போதுதான். அதைவிட முக்கியம் ஸ்னாப். ஸ்னாப் போடாமல் கண்ணால் சேர்த்த கோட்டை நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் நடுவில் இடைவெளி வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

போன வருஷம் ஏழாம் வகுப்புப் பெண் ஒன்று வில் போடாமல் நேரே 70, 100, 70 என்று அளவு கொடுத்து எண்கோணம் போட்டது. அளவு பார்த்தால் நாலு பக்கம் 100, மற்ற நாலும் 98.99. அட்டையில் சரியாக வந்தது கணினியில் ஏன் வரவில்லை என்று கேட்டது. வில் முறையில் போட வைத்தேன்: 70.29, எட்டுப் பக்கமும் 99.41. வர்க்கமூலத்தைப் பற்றி அன்றைக்கு அரை மணி நேரம் பேசினோம். பாலிகன் கட்டளையில் இந்தக் கேள்வி பிறந்திருக்காது.

அந்தப் பெண்ணின் அப்பா கொத்தனார். எட்டாவதோடு நின்றவர். ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிப் போக வந்தவர், திரையில் இருந்த வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "லிண்டல் மட்டம் எங்க பாப்பா போட்டிருக்க?" என்றார். அது கதவுக்கு மேல் காட்டியது. "படிக்கட்டு வர்ற எடத்துல இடிக்குமே?" அப்பாவும் மகளுமாக உட்கார்ந்து பக்கத்தோற்றம் ஒன்று சேர்த்தார்கள். இருபது வருஷமாகப் பொறியாளர்கள் கொடுத்த பிளானைப் பார்த்து வேலை செய்கிறவர். இதற்கு முன் வீட்டில் அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லையாம்.

நம் சங்க நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கடலூர், நெய்வேலி, சிதம்பரம் பக்கம் இருப்பவர்கள் மாதம் இரண்டு சனிக்கிழமை கொடுத்தால் இன்னும் இரண்டு பள்ளியில் ஆரம்பிக்கலாம். பணம் வேண்டாம். பழைய லேப்டாப்பும் நாலு செங்கல்லும் போதும். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளும் வரலாம். முதல் வருஷ டிராயிங்கில் அரியர் வைத்திருப்பவர்கள் அவசியம் வரவும், அது தானாகத் தீர்ந்துவிடும்!

இந்த அரையாண்டில் எட்டாம் வகுப்பு எடுத்துக்கொண்ட வேலை பள்ளிக்கூடத்தையே அளந்து படம் போடுவது. தலைமை ஆசிரியைக்கும் ஒரு பிளான் தேவைப்படுகிறதாம், பழையது கிடைக்கவில்லை. முன்பக்கத்து நாலு அறையும் வராந்தாவும் ஏறிவிட்டன. பின்சுவரில் மட்டும் உள்ளே அளந்ததற்கும் வெளியே அளந்ததற்கும் 11 சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறது. சுவர் தடிமன் அறைக்கு அறை மாறுகிறதா என்று பார்க்க, வருகிற சனிக்கிழமை ஜன்னல் வழியாக டேப் பிடிக்கப் போகிறார்கள்.