சேலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டவர்

மும்பையில் வேலை என்று ஊரில் சொன்னால் அடுத்த கேள்வி "தாராவி பக்கமா?" என்றுதான் வரும். செம்பூர் என்றால் கேட்டவர் முகத்தில் சின்ன ஏமாற்றம். அவர்கள் மனதில் இருப்பது நிஜ தாராவி இல்லை, 'நாயகன்' தாராவி. 1987-ல் வந்த அந்தப் படத்தின் குடிசைப் பகுதியில் பெரும்பங்கு சென்னையில் தோட்டா தரணி போட்ட செட் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அதில் ஒரு காட்சி நினைவிருக்கும். குடிசைகளை இடிக்க சேட் ஆள் அனுப்புகிறார். வேலு நாயக்கர் ஆட்களோடு சேட் வீட்டுக்குள் போய்ச் சாமான்களை நொறுக்குகிறார். இடிப்பு நிற்கிறது. தியேட்டரில் விசில் (நானும் அடித்தவன்தான்). 31 வருஷம் கழித்து 2018-ல் ரஞ்சித்தின் 'காலா'. அதில் விஷயம் நிறையவே முன்னேறியிருந்தது. பில்டர், வரைபடம், மறுசீரமைப்புத் திட்டம், அதை நம்பிப் பேசும் ஒரு பெண் எல்லாம் உண்டு. ஆனாலும் முடிவு எடுப்பவர் பெரியவர்தான். குடிசைக்குள் இருக்கும் குடும்பத்துக்குத் தானாக எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுமில்லை, அவர் பின்னால் போய் நின்றால் போதும்.

எனக்கு இதில்தான் குறை. நிஜத்தில் தலைவர் இருந்த இடத்திலும் கதை அப்படி நடக்கவில்லை. செம்பூரைத் தாண்டி, அணுசக்தி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. கோலார் தங்கவயலிலிருந்து தச்சு வேலைக்கு வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் அங்கே மக்களைத் திரட்டினார். ஊர்வலம், வழக்கு, டெல்லி வரை முறையீடு என்று வருஷக்கணக்காகப் போராட்டம். 1976 மே மாதம், எமர்ஜென்சி சமயத்தில், காலனி தரைமட்டம். சுமார் 70,000 பேர் இன்றைய சீதா கேம்ப்புக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருது கிடைத்தது. 2018-ல் இறந்தார். காலனி திரும்பி வரவில்லை.

சாதாரண மனிதனின் முடிவைக் கதையாக்கிய படம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது 1977-ல் வந்த இந்திப் படம் 'கரோந்தா'. சேர்த்த பணத்தை பில்டர் விழுங்கிவிட்ட பின், அமோல் பாலேகர் தன் காதலியிடமே முதலாளியைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறார். கிழவருக்கு இதய நோய், சீக்கிரம் போய்விடுவார், வீடும் பணமும் நமக்கு என்று கணக்கு. இந்த ஊரில் வீட்டுக் கடன் விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருக்கும் எவனுக்கும் அந்தக் கணக்கு அன்னியமாகத் தெரியாது. ஆனால் அது நடுத்தர வர்க்கத்தின் கதை.

நடைபாதைக்காரர்களின் கதைக்கு வருகிறேன். ஆனந்த் பட்வர்தன் 1985-ல் எடுத்த 'ஹமாரா ஷஹர்', குடிசை இடிப்பைப் பற்றிய ஆவணப்படம். தேசிய விருது வாங்கியது. வீடு போன ஒரு பெண்மணி அதில் காமிராவைப் பார்த்தே சண்டை போடுவார், எங்களைப் படம் பிடித்து உங்களுக்குப் பேர், எங்களுக்கு என்ன என்கிற மாதிரி. அதை வெட்டாமல் வைத்ததற்காகவே பட்வர்தன் மேல் எனக்கு மரியாதை.

படம் வந்த அதே 1985-ல், ஜூலை 10-ம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். வழக்கு பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரில்தான் பிரபலம். ஆனால் அவரோடு மனுப் போட்ட இரண்டு நடைபாதைவாசிகளில் ஒருவர் நம் சேலத்துக்காரர். தலைமை நீதிபதி சந்திரசூட் (பின்னால் அதே பதவிக்கு வந்தவரின் அப்பா) எழுதிய தீர்ப்பில் அவர் கதை ஒரு பத்திக்குள் அடங்கிவிடுகிறது. நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலை போய், 1961-ல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டும் கான்வாசும் போட்ட இடத்துக்கு அங்கிருந்த தாதா அவரிடம் பிடுங்கியது 2,500 ரூபாய். தொழில் புத்தி, வகுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 109 நாள் கூலி. சாப்பிடாமல், பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் போடாமல் இருந்தால்.

இன்னொருவர் அஹ்மத்நகர் பக்கத்துக்காரர், ஊரில் செருப்புத் தைத்தவர். இங்கே பதிலித் தொழிலாளியாக மாதம் 350 ரூபாய். துளசிவாடி நடைபாதையில் குண்டாவுக்கு 300, மூங்கிலுக்கும் ஷீட்டுக்கும் 700. ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். நடைபாதையில் இருப்பவன் இலவசமாக இருக்கிறான் என்று பேசுபவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

1981 ஜூலை 13-ல் முதலமைச்சர் அந்துலே அறிவித்தார், நடைபாதைவாசிகள் எல்லோரும் அகற்றப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவார்கள் என்று. மழைக்காலத்தில் இந்த ஓட்டைக் கூரைக்குக் கீழே மனிதர் வாழ முடியாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே மழைக்காலத்தில், பத்தே நாளில், ஜூலை 23-ல் சேலத்துக்காரரின் குடிசை இடிக்கப்பட்டது. அவரையும் மனைவியையும் மூன்று பெண்களையும் சேலம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அதற்குப் பின் தீர்ப்பில் ஒரே ஒரு வாக்கியம். மனைவியும் பெண்களும் சேலத்தில் தங்கிவிட்டார்கள், அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடி ஒரு நடைபாதையில் இடம் பிடித்தார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இருக்கிறது! ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். இருபது வருஷம் முன்னால் விட்டுப்போன ஊர். பெண்களை மறுபடி ரோட்டோரம் கூட்டிப்போவதா? பெரிய நகரம், வயசுப் பெண்கள். ஊரிலேயே இருந்தால் சோறு? யார் முதலில் பேசியிருப்பார்கள், அவரா அந்த அம்மாவா? அடித்து நொறுக்க சேட் வீடு கிடையாது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு இது ஆகாது என்று தயாரிப்பாளர் சொன்னால் தப்பில்லை. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஆகும். 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியில் நலன் குமாரசாமியும் கார்த்திக் சுப்பராஜும் குறும்படங்களில் காட்டிய சாமர்த்தியத்துக்கு இது கச்சிதமான அளவு. நான் பார்த்தவரை யாரும் எடுக்கவில்லை.

தீர்ப்பு என்ன ஆயிற்று? பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமையில் அடக்கம் என்று சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். அதோடு, நடைபாதை நடப்பவர்களுக்கு, மாநகராட்சி இடிக்கலாம் என்றும் சொன்னது. 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம், எல்லோருக்கும் அக்டோபர் 31 வரை, அதாவது மழை முடிந்து ஒரு மாதம் ஆகிறவரை, அவகாசம்.

அந்த அட்டை விஷயம்தான் இன்றும் ஓடுகிறது, தேதி மட்டும் மாறியிருக்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவருக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். மேல்தளத்தில் இருப்பவருக்கு தாராவிக்கு வெளியே, அதுவும் வாடகை கட்டி வாங்கிக்கொள்ளும் வகையில். இங்கே கீழும் மேலும் என்பது பத்துப்படி இரும்பு ஏணி. பல வீடுகளில் கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். மின்சார பில் அண்ணன் பெயரில் இருக்கும், தம்பி பாதியைக் கையில் கொடுப்பார். ரசீது ஏது?

சயான், மாட்டுங்கா பக்கம் காமிராவோடு திரியும் நம் பையன்கள் யாராவது இதைப் படித்தால் இரண்டு கதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்காரர் பற்றிய பத்தி தீர்ப்பின் ஆரம்பப் பக்கங்களிலேயே வந்துவிடும்.