பாப்பரசரின் ஆனை

போர்த்துக்கேயன் கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சாவின் கப்பல்கள் 1560இல் யாழ்ப்பாணக் கரைக்கு வந்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். நல்லூர்ச் சண்டை, அரசன் சங்கிலியன் பின்வாங்கியது, பிறகு சனம் கிளர்ந்தது எல்லாம் இதில் வரவேண்டும். வரும். அதற்குள் ஓர் ஆனை குறுக்கே புகுந்துவிட்டது. அதை அவிழ்த்துவிட்டவள் என் மருமகள்.

பத்தாம் தரத்தில் வரலாற்றை ஆங்கிலத்தில் படிக்கிறாள். கொடிகாமத்தில் ரியூசன் முடிந்து வந்தவள் ஒரு தாளை நீட்டினாள். ரெனேசன்ஸ், பேற்றன், எம்பசி, புரொசெஷன், ஃபிரெஸ்கோ, எபிராஃப், ஹியூமனிசம். எதிரே மறுமலர்ச்சி, புரவலர், தூதுக்குழு, ஊர்வலம், சுவரோவியம், கல்லறை வாசகம், மனிதநேயவாதம்.

“எல்லாம் பாடமாக்கிட்டன் மாமா. ஆனா நாளைக்கு மறந்துபோடும். பேற்றன் எண்டாப் புரவலர், சரி. புரவலர் எண்டா ஆர்?”

ஆர்? அவளுக்கு ஆள் வேண்டும், சம்பவம் வேண்டும். நம் பாடப்புத்தகங்களில் மறுமலர்ச்சி ஓரிடம், போர்த்துக்கேயர் இன்னோரிடம். லியனார்டோவும் மைக்கலாஞ்சலோவும் படம் கீறிக்கொண்டிருந்த உலகம் வேறு, பீரங்கியோடு நம் கரைக்கு வந்தவர்களின் உலகம் வேறு என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். சங்கிலியன் அரியணை ஏறியதாகக் கொள்ளப்படும் 1519இல்தான் லியனார்டோ பிரான்சில் கண்ணை மூடினார். கொன்ஸ்தந்தீனு நல்லூருக்குள் புகுந்த அதே 1560இல் புளோரன்சு நகரில் வசாரி உஃபீசி மாளிகையைக் கட்டத் தொடங்கினார். இன்று உலகமே வரிசையில் நின்று ஓவியம் பார்க்கும் அந்த இடம், மெடிச்சி ஆட்சியின் கந்தோராகக் கட்டப்பட்டது. மைக்கலாஞ்சலோவுக்கு அப்போது 85 வயது. புனித பேதுரு பேராலய வேலையை இன்னும் மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டுகளைச் சொன்னதும் அவள் கொட்டாவி விட்டாள். ஆகவே ஆனையை இறக்கினேன்.

போர்த்துக்கல் மன்னன் முதலாம் மனுவேல், புதிதாகப் பதவியேற்றிருந்த பாப்பரசர் பத்தாம் லியோவுக்கு ஒரு தூதுக்குழு அனுப்பினான். நம் கத்தோலிக்க மக்கள் பத்தாம் சிங்கராயர் என்பது இவரைத்தான். தலைமை தாங்கியவன் இந்தியக் கடலில் கொள்ளையும் போரும் பழகிய திரிஸ்தாவோ ட குன்யா. 1514 மார்ச் 12ஆம் திகதி உரோமைத் தெருக்களில் அந்த ஊர்வலம் போனது. நடுவே கொச்சியிலிருந்து கப்பலேறிய வெள்ளை ஆனைக் குட்டி. வயது நாலு இருக்கலாம். சந்த் ஆஞ்சலோ கோட்டையில் நின்று பார்த்த பாப்பரசர் முன் அது மூன்று தரம் மண்டியிட்டது. பிறகு தும்பிக்கையால் தண்ணீரை உறிஞ்சிக் கர்தினால்மார் மேலும் கூடிநின்ற சனத்தின் மேலும் பீச்சியது. எம்பசி, புரொசெஷன் இரண்டையும் என் மருமகள் இனி மறக்கமாட்டாள்.

உரோமை மக்கள் அதை அன்னோனே என்றார்கள். பாகன் மலையாளத்தில் ‘ஆன’ என்று கூப்பிட்டதைக் கேட்டுத்தான் அந்தப் பெயர் ஒட்டியது என்று சொல்வோர் உண்டு. ஆங்கிலப் புத்தகங்களில் ஹன்னோ.

லியோ யார்? புளோரன்சின் வட்டிக்கடைக் குடும்பமான மெடிச்சியில் பிறந்தவர், லொரென்சோவின் மகன். ரஃபாயேலுக்குப் படியளந்தவர். பேற்றன் என்றால் இவர்தான், பிள்ளை. நல்ல ரசிகர், கெட்ட மேய்ப்பர் என்பது என் கணிப்பு. பேராலயம் கட்டக் காசு போதாமல் பாவ மன்னிப்புப் பத்திரங்களை விற்க விட்டார். 1517இல் மார்ட்டின் லூதர் எழும்பினார். அதன்பின் ஐரோப்பாவில் ஓடிய இரத்தத்தை இங்கே அளக்க இடமில்லை.

ஆனால் அந்த ஆனையில் அவருக்கு உயிர். தன்னைப் பெத்ரார்க்குக்கு நிகரென்று நம்பிய பரபல்லோ என்ற கிழட்டுக் கவிஞரைக் கேலி செய்ய, அவரை ஆனைமேல் ஏற்றி முடிசூட்ட அனுப்பினார்கள். மேளமும் எக்காளமும் காதைப் பிளக்க, ஆனை பாலத்தடியில் நின்றுவிட்டது. ஓரடி நகரமாட்டேன் என்றது. அந்த ஊர்வலத்தில் மானம் மரியாதை தெரிந்த ஒரே பிறவி அதுதான்.

1516இல் அதற்கு நோய் வந்தது. வைத்தியர்கள் பொன் கலந்த பேதி மருந்து கொடுத்தார்கள். ஜூன் 8ஆம் திகதி செத்துப்போனது. பாப்பரசர் கல்லறை வாசகம் எழுத, ரஃபாயேல் வத்திக்கான் சுவரில் அதன் உருவத்தை முழு அளவில் தீட்டினார். எபிராஃப், ஃபிரெஸ்கோ இரண்டும் முடிந்தன. அந்தச் சுவரோவியம் இன்று இல்லை. ஆனை எழுதிவைத்த உயில் என்றொரு நையாண்டியும் ஊருக்குள் சுற்றியது. எழுதியவர் அரெத்தினோ என்பார்கள். தன் உடம்பை அங்கம் அங்கமாகப் பிரித்து எந்தக் கர்தினாலுக்கு எது என்று ஆனையே பங்குவைக்கும்! 1962இல் வத்திக்கான் பெல்வெதேரே முற்றத்தைத் தோண்டியபோது அதன் எலும்புகள் கிடைத்தன.

இப்போது கணக்குக்கு வருவோம். மனுவேல் சும்மா ஆனை கொடுக்கவில்லை. ஊர்வலம் போன அதே 1514ஆம் ஆண்டு நவம்பரில் லியோ ஓர் ஆணைப்பத்திரம் வெளியிட்டார். கிழக்கே போர்த்துக்கேயர் கண்டதும் இனிக் காண்பதும் அவர்களுக்கே என்று அது உறுதி சொன்னது. நம்மைக் கேட்டா எழுதினார்கள்? மனுவேலின் கொள்ளுப்பேரன் காலத்தில் நல்லூர் வாசலுக்கு வந்த பீரங்கியின் பின்னால் அந்தக் கடதாசியும் இருந்தது. பாடப்புத்தகம் பிரித்துவைத்த இரண்டு உலகமும் முட்டும் இடம் இதுதான். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் ஆனைக்குப் பின்னால் நடந்தேன்.

தென்மராட்சிப் பிள்ளைக்கு ஆனை வியாபாரம் புதினமாக இருக்கத் தேவையில்லை. வன்னிக் காட்டில் பிடித்த ஆனைகளை ஆனையிறவுக் களப்பினூடே கடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பச்சிலைப்பள்ளி, தென்மராட்சிப் பக்கத்தால் மேற்கே ஓட்டிப்போய் ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். யாழ்ப்பாண அரசனின் வருமானத்தில் இதற்குப் பெரிய பங்கு. போர்த்துக்கேயர் அவனிடம் திறையாகக் கேட்டதும் ஆனைதான். ஒல்லாந்தர் காலத்திலும் கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வணிகர் வந்து வாங்கினர். இன்று பருத்தித்துறைத் தட்டிவானும் தேங்காய் லொறியும் நெருக்கியடிக்கும் கொடிகாமச் சந்திப் பக்கம் அப்போது சங்கிலிச் சத்தம் கேட்டிருக்கும். புரவலர் என்ற சொல்லின் பின்னால் இருந்த பொன்னில் மிளகும் முத்தும் ஆனையும் கலந்திருந்தன என்று ஓர் ஆசிரியர் சொன்னால் போதும். பிள்ளை சொல்லை விடாது.

பக்கம் முடியப்போகிறது, ஆசிரியர் பீடத்திலிருந்து அழைப்பும் வந்துவிட்டது. 1560ஐ ஒரே மூச்சில் சொல்கிறேன். கொன்ஸ்தந்தீனு நல்லூரைப் பிடித்தான். சங்கிலியன் தப்பினான், பிறகு பணிந்து உடன்பட்டான். சனம் திரண்டு எழுந்தபோது போர்த்துக்கேயர் மன்னாருக்கு விலகிப்போய் அங்கே கோட்டை கட்டினார்கள். மன்னாரில் 1544இல் மதம் மாறியவர்களைக் கொல்வித்த பழி சங்கிலியன் மேல் இருக்கிறது; அதை மறைத்து அவனை வீரன் என்று மட்டும் பாடுவது எனக்கு ஒவ்வாது. கொன்ஸ்தந்தீனுவை நீதி கேட்க வந்தவனாகக் காட்டுவது அதைவிட ஒவ்வாது. சண்டையை விரிவாக அடுத்த வாரம் எழுதுகிறேன்.

போகும்போது கொன்ஸ்தந்தீனு யாழ்ப்பாணத்தில் எடுத்த ஒரு பல்லைக் கோவாவுக்குக் கொண்டுபோனான். புத்தரின் தந்தம் என்றார்கள். உண்மையான தந்தம் அதுவல்ல என்பது பௌத்தர் வாதம். பெகு மன்னன் அதற்கு லட்சக்கணக்கில் பொற்காசு தருவதாகத் தூது விட்டான். பேராயர் காஸ்பர் மறுத்து, சபை நடுவே உரலில் இடித்துத் தூளாக்கி, எரித்து, ஆற்றில் கரைத்துவிட்டார் என்று போர்த்துக்கேயரின் வரலாற்றாசிரியர்களே பெருமையாக எழுதிவைத்தார்கள்.

மருமகளின் தாளில் மிச்சம் ஹியூமனிசம். ஓர் ஆனைக்குக் கல்லறை வாசகம் எழுதிய திருச்சபைதான் இன்னொரு சமயத்தார் கும்பிட்ட பல்லை உரலில் போட்டு இடித்தது என்று அவளுக்குச் சொன்னேன். “அப்ப இதுக்கு என்ன மாமா எழுதுறது?” என்றாள். புத்தகத்தில் உள்ளபடி எழுது என்றேன். பிள்ளைக்குப் புள்ளி வேணுமே.

(தொடரும்)