எல்லாளனின் கதையை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

எழுபதுகளின் இறுதியில் நான் ஆரம்பப் பாடசாலையில் பயின்றபோது எமக்கு வரலாறு என்றொரு தனிப்பாடம் இருக்கவில்லை. ஆயினும் எல்லாளனை நான் அறிந்திருந்தேன். மழை பெய்த ஒரு பிற்பகலில் எமது ஆசிரியர் அந்தக் கதையைச் சொன்னார். ஆராய்ச்சி மணி, தேர்ச்சில்லில் அகப்பட்டு இறந்த கன்று, அதற்காகத் தன் மகனையே தண்டித்த மன்னன் என்று கதை வளர்ந்தது. இறுதியில், முதியவனான அவனை இளைஞனான துட்டகைமுனு கொன்றான் என்று முடித்தார். அன்று வீடு திரும்பும்போது மனதில் ஒரு கோபம் இருந்தது. அது யார்மீது என்பது எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகளின் பின்னர் கொழும்பில் என்னுடன் பணியாற்றிய சிங்களப் பத்திரிகையாளர் ஒருவர், தாம் சிறுவயதில் கேட்ட கதையைச் சொன்னார். அதில் ஆராய்ச்சி மணி இருக்கவில்லை. நான் கேட்ட கதையிலோ எல்லாளனின் நினைவிடம் இருக்கவில்லை.

வியப்பு என்னவெனில், இரண்டுமே ஒரே நூலில் உள்ளன. கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் பாளி மொழியில் எழுதப்பட்ட மகாவம்சம், எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே நீதி வழங்கினான் என்றும் கூறுகின்றது. கன்றின் கதையும் அதிலேயே வருகின்றது. எல்லாளனை வென்ற துட்டகைமுனு அவனது உடலை உரிய மரியாதையுடன் தகனம் செய்து, அவ்விடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பி வழிபடச் செய்தான் என்றும், பிற்கால அரசர்களும் அவ்விடத்தை அணுகும்போது வாத்திய ஓசையை நிறுத்தினர் என்றும் அது சொல்கின்றது. துட்டகைமுனுவின் வீரர்களில் முதன்மையானவனான நந்திமித்தன், எல்லாளனின் தளபதியான மித்தனின் மருமகன் என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை.

மகாவம்சம் பக்கச்சார்பற்ற நூலன்று. போரில் மாண்டோரை எண்ணி வருந்திய மன்னனுக்கு அதில் சொல்லப்படும் ஆறுதல் இன்றும் எம்மைத் துணுக்குறச் செய்யும். ஆனால் அந்நூல் சொன்னதைக்கூட நாம் பிள்ளைகளுக்கு முழுமையாகச் சொல்லவில்லை.

1972ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தில் சமூகக் கல்விக்குள் கரைந்த வரலாறு, 2007ஆம் ஆண்டிலிருந்து 6ஆம் தரம் முதல் மீண்டும் தனிப்பாடமாயிற்று. அதற்குக் கீழே சுற்றாடல்சார் செயற்பாடுகளே உள்ளன. எனவே சிறு பிள்ளைக்கு வரலாறு பெரும்பாலும் ஆசிரியரின் வாய்வழிக் கதையாகவும், வீட்டுப் பேச்சாகவுமே வந்து சேர்கின்றது. தாய்மொழிக் கல்வி எமக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆனால் ஒரே கதை இரு வகுப்பறைகளில் இரு விதமாகச் சொல்லப்படுவதை இரு தரப்புப் பிள்ளைகளும் அறிவதில்லை.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் என்பது விளங்காது. அதற்கு 'முன்னொரு காலம்' நேற்றைப் போன்றதே. கதையில் வரும் எதிரி, அடுத்த தெருவில் வாழும் மனிதனாக மாறிவிடுவது இதனால்தான். ஆகவே முதலில் ஊர்க்குளத்தை யார் கட்டினார், ஊருக்கு இப்பெயர் எப்படி வந்தது, அம்மம்மா எங்கே படித்தார் என்பவற்றிலிருந்து தொடங்குவோம். காலம் என்பது என்னவென்று பிள்ளை அவ்வாறு உணரட்டும்.

அதன் பின்னர் எல்லாளனின் கதையைச் சொல்லலாம். தமிழ்ப் பிள்ளைக்கு அந்த நினைவிடத்தையும், சிங்களப் பிள்ளைக்கு அந்த மணியையும் விட்டுவிடாமல் சொல்லவேண்டும். என் ஆசிரியர் நல்லவர். தமக்குச் சொல்லப்பட்டதையே எமக்குச் சொன்னார். நாம் அறிந்துகொண்டே அதைத் திரும்பச் சொல்வோமானால், அதற்கு மன்னிப்பில்லை.