யூரர் பட்டியலும் லயத்து எதிரியும்

ஒருவரை அவருக்கு ஒப்பானவர்களே விசாரிக்க வேண்டும் என்பது யூரர் முறையின் அடிப்படை. சப்ரகமுவத் தோட்டங்களின் நீதி வரலாற்றை ‘ஒப்பானவர்’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே அளந்துவிடலாம். இலங்கையின் கரையோரப் பகுதிகளுக்கு யூரர் முறையைக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், காலம் 1811. கண்டி இராச்சியத்தில் அடங்கியிருந்த சப்ரகமுவ, 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்துக்குப் பிறகே தீவு முழுவதற்குமான ஒரே உயர் நீதிமன்றத்தின் கீழ் வந்தது. தொடக்கத்தில் பதின்மூவராக இருந்த யூரர், 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையில் எழுவர் ஆயினர். ஐவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம் நின்றாலும் அது தீர்ப்பாகும். ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மூன்று மொழிப் பட்டியல்கள் இருந்தன. எந்தப் பட்டியல் வேண்டும் என்பதை எதிரியே தெரிவு செய்யலாம். ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலில் பெயர் ஏற வருமானமோ சொத்தோ வேண்டும். சதக் கணக்கில் கூலி வாங்கி, தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து அறையில் குடியிருந்தவர் அந்தப் பட்டியலில் எப்படி ஏறுவார்? தமிழ்ப் பட்டியலிலேயே இடம்பெறக்கூடியவர்கள் வணிகரும் எழுத்தரும் உத்தியோகத்தருமே. மொழி ஒன்றாக இருந்தது. வாழ்க்கை ஒன்றாக இருக்கவில்லை.

யூரரின் பாரபட்சம் என்றதும் ஏழு பேரின் மனத்தில் கிடக்கும் வெறுப்பையே நாம் நினைக்கிறோம். தோட்டத்து வரலாறு காட்டுவது வேறு. பாரபட்சம் பட்டியல் எழுதும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு யூரர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், எதிரியின் பக்கத்து வாழ்க்கையை அறிந்த ஒருவரும் அந்த ஆசனங்களில் இல்லை. அந்த வாழ்க்கையை நீதிமன்றத்துக்குள் கொண்டுவரக்கூடியவர் எதிரியின் சட்டத்தரணி ஒருவரே. ஆகவே வேண்டப்படாதவருக்காகவும் முழு மூச்சாக வாதாடும் கடமையைத் தொழில் நாகரிகம் என்று சுருக்கிவிட முடியாது. ஒப்பானவர்கள் இல்லாத மன்றத்தில் நீதிக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாசல் அது.

இதற்கு மிகத் தெளிவான சான்று சப்ரகமுவவின் கேகாலை மாவட்டத்திலேயே இருக்கிறது. 1940களின் நடுவில் கிராம விரிவாக்கத்துக்காக அரசாங்கம் நேவ்ஸ்மையர் தோட்டத்தைக் கையேற்றது. அங்கு உழைத்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தனர். 1946இல் மற்றத் தோட்டங்களின் தொழிலாளரும் அவர்களுக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கினர். லயத்தை விட்டுப் போகாதவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது. அவர்களில் ஒருவர் செல்வநாயகம் என்ற தொழிலாளி. அதே பெயருடைய தமிழரசுக் கட்சித் தலைவர் அல்லர். இவ்வகை வழக்கை நீதவான் தனியே விசாரிப்பார். யூரருக்கு அங்கே இடமில்லை. தோட்ட மக்கள் பெரும்பாலும் சந்தித்ததும் இந்த மன்றத்தைத்தான். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போவதையே சிறைக் குற்றமாக்கியது 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். அக்காலத்தில் தோட்டத் துரைமார் சிலரே உத்தியோகப்பற்றற்ற நீதவான்களாகவும் அமர்ந்தனர்.

செல்வநாயகம் குற்றவாளியாகக் காணப்பட்டார். உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிறு தண்டனைதானே என்று அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் வழக்கு லண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரை போனது. சட்டம் கேட்பது எண்ணத்தை: உடைமையாளரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒருவர் அங்கே தங்கியிருக்க வேண்டும். தான் தங்கியிருப்பது தோட்ட அதிகாரிக்குத் தொந்தரவு தரும் என்று அந்தத் தொழிலாளி அறிந்திருக்கலாம். அறிவது வேறு, அதற்காகவே தங்குவது வேறு. தவறாகவே கருதியிருந்தாலும், அது தன் மூதாதையர் வீடு என்று நினைத்து அங்கே இருக்க விரும்பியதே அவருடைய உண்மையான எண்ணம் என்று கண்ட கவுன்சில், 1950இல் மேன்முறையீட்டை அனுமதித்தது. அதற்குள் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. நாடாளுமன்றம் வீடில்லை என்று சொன்னவர்களுக்கு லயமே வீடு என்ற உணர்வைச் சட்ட மொழியில் பதிய வைத்தது சட்டத்தரணிகளின் வாதம்.

இதற்கு ஒரு மறுப்பு எழும்: யூரர் நியாயமாக நடந்ததற்குப் பெரும் சான்று இருக்கிறதே? கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவம் தன் மனைவியைக் கொன்றதாகச் சாட்டப்பட்ட வழக்கைப் பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. ஊரே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஆயினும் 1953 ஜூனில் யூரர் அவரை விடுவித்தனர். உண்மைதான். ஆனால் யூரரின் மனம் தானாகத் திறக்கவில்லை. எதிரித் தரப்புச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வாவின் நீண்ட குறுக்கு விசாரணையும், பிரித்தானியத் தடயவியல் மருத்துவர் சிட்னி சிமித்தின் சாட்சியமும் அதைத் திறந்தன. அவ்வளவு செலவை எந்த லயத்து எதிரி தாங்குவார்? 1941இல் ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டதற்காக தொழிலாளரான வீராசாமியும் வேலாயுதனும் தூக்கு மேடை ஏறினர். துரையின் கொலை நாட்டையே உலுக்கியிருந்த வேளையில் கூலித் தொழிலாளி எதிரிக்கூண்டில் நிற்பதன் பாரம் சதாசிவம் சுமந்த பாரத்தைவிடப் பெரிது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சதாசிவம் வழக்கில் எதிரித் தரப்பு விரல் நீட்டியது வில்லியம் என்ற ஏழை வீட்டு வேலையாளை நோக்கி. தொழிலாளர் தலைவரான கொல்வினே அப்படி வாதாடலாமா? என் கருத்தில், சான்று அந்தப் பக்கம் இட்டுச் சென்றால் அதைச் சொல்லாமல் விடுவதே கட்சிக்காரருக்குச் செய்யும் துரோகம். சான்றில்லாமல், எளியவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்ற துணிவில் பழியைச் சாத்துவது தொழிலுக்கே துரோகம். அந்த எளியவருக்கும் ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டும் என்பதே இந்தச் சிக்கலுக்கு விடை. எதிரியின் சட்டத்தரணி அடக்கி வாசிப்பது அல்ல.

பட்டியலின் கேள்வி பழங்கதை ஆகவில்லை. தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் எதிரிகள் கேட்டபடி சிங்களம் பேசும் யூரர் அமர்த்தப்பட்டனர். 2016 டிசம்பரில் அனைவரும் விடுதலையாயினர். தெரிவு செய்யும் உரிமை சட்டப்படி எதிரிகளுடையதே. அதைப் பயன்படுத்தச் சொன்ன சட்டத்தரணிகளைக் குறைகூற இடமில்லை. குறை, இரு சமூகத்தவரும் ஒன்றாக அமர இடமில்லாத பட்டியலில் இருக்கிறது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இன்றும் நீதிமன்ற மொழி சிங்களம். தோட்டத்துத் தமிழர் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே தம் வழக்கைக் கேட்கிறார். நியாயமான காரணமின்றி எவருக்காகவும் தோன்ற மறுக்கலாகாது என்கின்றன 1988ஆம் ஆண்டின் சட்டத்தரணிகள் நடத்தை விதிகள். அந்த விதி லயத்து வாசல்வரை போய்ச் சேர, அரச செலவில் தமிழறிந்த சட்டத்தரணி ஒருவர் முதல் தவணையிலேயே எதிரியின் பக்கத்தில் நிற்க வேண்டும். நேவ்ஸ்மையரில் ஒருவருக்குக் கிடைத்த நியாயம் லண்டன் வரை போய் வரவேண்டியிருந்தது. அதே நியாயம் கேகாலையிலேயே கிடைக்க வேண்டும்.