நித்ய கைங்கர்யமும் சரித்திரமும்: திருவண்ணாமலை எச்சம்மாள்

பாகவதர்களுக்கு அமுதிடுவதை ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயம் ததீயாராதனம் என்று பேரிட்டுப் போற்றும். எம்பெருமானை ஆராதிப்பதிலும் அவன் அடியாரை ஆராதிப்பது ஏற்றமுடையது என்பது பூர்வாசார்யர்களின் நிர்வாஹம். எம்பெருமானாரும் அவர்தம் சிஷ்யர்களும் எழுந்தருளியபோது வறுமையிலும் அமுது செய்வித்த பருத்திக்கொல்லை அம்மாளின் வ்ருத்தாந்தத்தைக் குருபரம்பரை நூல்கள் விரித்துரைப்பது இதனாலேயே.

ஆயினும் இத்தகைய வ்ருத்தாந்தங்களுள் பல ஒரு நாளின் செய்தியையே சொல்கின்றன. நிகழ்ச்சி உள்ள இடத்தில்தான் சரித்திரம் நிற்கும். நாள்தோறும் அடுப்பு மூட்டி, அன்னம் சமைத்து, சுமந்து சென்று பரிமாறித் திரும்புவதில் நிகழ்ச்சி என்று குறிக்க ஒன்றுமில்லை. அதனால் வாழ்நாள் முழுதும் கைங்கர்யம் செய்த பெண்கள் எண்ணற்றோராயினும் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. திருவண்ணாமலையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அன்ன கைங்கர்யம் செய்த எச்சம்மாள் அந்தச் சிலருள் ஒருவர்.

அவர் பணி செய்தது அத்வைத நெறியில் நின்ற ஸ்ரீரமண மஹர்ஷியிடத்தில். விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்துக்கும் அந்நெறிக்கும் உள்ள பேதம் தெளிவானது. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கைங்கர்யத்தின் ஸ்வரூபம் இன்னது என்று வ்யாக்யானங்கள் வகுத்துக் காட்டியவை ஒரு வாழ்க்கையில் எப்படிப் புலப்படும் என்பதை ஆராய்வதற்கு இவருடைய சரிதம் இடம் தருகிறது.

இவருடைய இயற்பெயர் லக்ஷ்மி அம்மாள். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த மண்டகொளத்தூர் இவரது ஊர். 25 வயது நிரம்புமுன்னரே கணவனையும், பின்னர் மகனையும், பின்னர் மகளையும் அடுத்தடுத்து இழந்தார். கைம்பெண்ணுக்கு மங்கல காரியங்களில் முன்நிற்க உரிமை மறுக்கப்பட்ட காலம் அது. வீட்டில் எதைப் பார்த்தாலும் இழந்தவர்களின் நினைவே எழுந்தமையால், கோகர்ணம் சென்று அங்குள்ள ஸாதுக்களுக்குப் பணிவிடை செய்து பார்த்தார். துக்கம் தணியவில்லை. ஊர் திரும்பியபின், திருவண்ணாமலையில் மௌனமாக வீற்றிருக்கும் இளம் துறவியைத் தரிசித்தால் மனம் ஆறும் என்று சிலர் சொன்னார்கள்.

1906ஆம் ஆண்டு அவர் திருவண்ணாமலைக்கு வந்தார். அவ்வூரில் உறவினர் இருந்தும், அவர்களைக் கண்டால் பழைய துயரம் கிளறப்படும் என்று அஞ்சி அவர்களிடம் செல்லவில்லை. மலைமேலிருந்த ஸ்ரீரமணரின் முன் சென்று, தம் துயரத்தை வாய்விட்டுச் சொல்லாமல் நின்றார். ஒரு மணி நேரம் கழிந்தது. இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மலையிலிருந்து இறங்கியபோது நெஞ்சின் பாரம் நீங்கியிருந்ததாக அவரது சரிதம் கூறும். அதன்பின் இழந்தவர்களை அழாமல் நினைக்க அவரால் முடிந்தது.

நகரில் ஒரு சிறு வீட்டில் குடியேறினார். தந்தை விட்டுச்சென்ற சிறுபொருளும் உடன்பிறந்தோர் உதவியும் அவருக்கு ஆதாரமாயின. அவ்வாதாரத்தைக் கொண்டு நாள்தோறும் அன்னம் சமைத்து மலைக்குச் சுமந்து சென்றார். தமக்கு வந்த எதையும் எல்லோருக்கும் ஸமமாகப் பகிராமல் ஸ்ரீரமணர் ஏற்பதில்லை. ஆகவே ஒருவருக்கு அமுதிடுவது என்பது உடனிருந்தோர் அனைவருக்கும் அமுதிடுவதாயிற்று. அவர்கள் உண்ணுமுன் எச்சம்மாள் தாம் உண்பதில்லை என்ற நியமம் பூண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த பக்தர்களுக்கும் அவர் வீடு தங்குமிடமாயிற்று.

ஸ்ரீரமணர் 1916 வரை விரூபாக்ஷ குகையிலும், பின்னர் அதற்கு மேலிருந்த ஸ்கந்தாச்ரமத்திலும் இருந்தார். 1922இல் அன்னை அழகம்மாள் மறைந்தபின் மலையின் தென்னடிவாரத்தில் ஆச்ரமம் உருவாயிற்று. இடம் மாறியபோதெல்லாம் எச்சம்மாள் நடந்த வழியும் மாறியது, நடை மாறவில்லை.

இங்கே ஒரு விஷயம் ஆராயத்தக்கது. தொடக்கத்தில் அவர் கொண்டுசென்ற அன்னம் இன்றியமையாத தேவையாயிருந்தது. ஆச்ரமம் வளர்ந்து, அங்கேயே பலருக்கும் சமையல் நடக்கத் தொடங்கியபின், அவருடைய பாத்திரம் பெரும்பந்தியில் ஒரு சிறு சேர்க்கையாயிற்று. தேவை குறைந்தபின்னும் அவர் நிறுத்தவில்லை. அவர் வரத் தாமதமானால், அவர் மனம் நோகாதபடி ஸ்ரீரமணரும் உண்ணாமல் காத்திருப்பார்.

தேவையற்ற பணியைத் தொடர்வது தன் மனநிறைவுக்காகத்தானே என்று கேட்கலாம். கேள்வி ந்யாயமானதே. பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் த்வயத்தை விவரிக்குமிடத்து, கைங்கர்யத்தில் தன் ப்ரயோஜனத்தைக் கருதுவதைக் களை என்றே குறிக்கிறார். சேதநன் செய்யும் பணியால் உகப்பவன் சேஷியாக இருக்கவேண்டும். சேஷபூதனுடைய ஆனந்தம் அவ்வுகப்பைக் கண்டு பின்னே வருவது. எச்சம்மாள் முதலில் மலையேறியது தம் துக்கம் தீரவேண்டும் என்பதற்காக. அதை மறுக்க இயலாது. ஆனால் துக்கம் தீர்ந்த பின்னர் பணி நிற்கவில்லை. பணி தொடங்கியதே அதன்பின்தான். பலனைப் பெற்றவர் மேலும் பலன் வேண்டிச் செய்யவில்லை. அடியேன் இன்னாருக்கு உரியேன் என்ற முறையில் செய்தார். ஸ்ரீராமாயணத்தில் மதங்க வனத்து ரிஷிகளுக்குப் பணிசெய்த சபரி, அவர்கள் பரமபதித்த பின்னும் ஆச்ரமத்தைப் பேணிப் பெருமாள் வருகைக்காகக் காத்திருந்த நிலை இங்கு நினைக்கத்தக்கது.

கைங்கர்யம் செய்பவருக்குத் துன்பமே வாராது என்று எண்ணுவதும் பிழை. எச்சம்மாள் ஸ்ரீரமணரின் அநுமதி பெற்று ஒரு பெண்குழந்தையைத் தத்தெடுத்தார். உரிய காலத்தில் மணம் செய்துகொடுத்தார். பிறந்த பேரனுக்கு ரமணன் என்று பெயரிட்டு மகிழ்ந்தார். ஒருநாள் சிறிதும் எதிர்பாராமல், அம்மகள் இறந்துவிட்டாள் என்று தந்தி வந்தது. தந்தியை எடுத்துக்கொண்டு மலைமேல் ஓடினார். ஸ்ரீரமணர் அதைப் படித்துக் கண்ணீர் விட்டார். ஈமக்கடனுக்குச் சென்று திரும்பிய எச்சம்மாள், தாயற்ற குழந்தையை அவர் கைகளில் வைத்தார். அப்போதும் அவர் கண்கள் நிறைந்தன. முதல்முறை மௌனம் ஆற்றிய துக்கத்தை இம்முறை உடன்பட்ட கண்ணீர் ஆற்றியது. பிறர் துக்கம் கண்டு பொறுக்கமாட்டாமை க்ருபையின் லக்ஷணம் என்று நம் பூர்வர்கள் பணித்ததற்கு இது உதாஹரணமாகும்.

கோகர்ணத்தில் ஸாதுக்களுக்குச் செய்த பணி அவர் துயரை ஆற்றவில்லை. திருவண்ணாமலையில் செய்த பணியோ இரண்டாம் இழப்புக்குப் பின்னும் நின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. முன்னது துக்கத்தை மறப்பதற்கு உபாயமாகக் கொண்ட பணி. பின்னது ப்ராப்யமாகவே கொண்ட பணி. உபாயமாகக் கொண்டது பலிக்காதபோது கைவிடப்படும். ப்ராப்யமாகக் கொண்டதைக் கைவிடுவதற்குக் காரணமே இல்லை.

எச்சம்மாள் தனியராகவும் இருக்கவில்லை. மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த மூதாட்டி கீரைப்பாட்டி என்றும், கண்பார்வை குன்றியபின்னும் அன்னம் கொண்டுவந்த அலங்காரத்தம்மாள் முதலியார் பாட்டி என்றும் அழைக்கப்பட்டனர். கீரைப்பாட்டிக்கு அவர் செய்த தொண்டே பெயராய் நிலைத்தது. இயற்பெயரைச் சொல்வார் இல்லை. ஸ்ரீரமணரின் ஆங்கிலச் சரிதத்தை 1931இல் வெளியிட்ட நரஸிம்ஹ ஸ்வாமி எச்சம்மாளைப் பற்றித் தனியே எழுதி வைத்திராவிடில், அவரும் ஒரு பெயராக மட்டுமே எஞ்சியிருப்பார்.

முதுமையாலும் நோயாலும் நடக்க இயலாமற்போகும் வரை அவர் தாமே அன்னத்தைச் சுமந்து வந்தார். 1945இல் மறைந்தார். இன்று திருமலையில் யாத்ரிகர்கள் அமுது செய்யும் பெருங்கூடம் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு திவ்யதேசத்திலும் திருமடைப்பள்ளிக்கு நெல் குற்றியும், மாலை கட்டியும், வழிவந்த பாகவதர்களுக்கு அமுதிட்டும் வாழ்ந்த பெண்களின் செய்திகள் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. அம்முதியோர் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதி வைப்பதும் ததீயாராதனத்தில் சேரும்.