திருஷ் காமினி
திருஷ் காமினி (பிறப்பு: 30 ஜூலை 1990, சென்னை): இந்திய மகளிர் கிரிக்கெட் வீராங்கனை, இடக்கை தொடக்க மட்டையாளர், வலக்கை லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். உள்நாட்டுப் போட்டிகளில் தமிழ்நாடு, ரயில்வே அணிகளுக்காக ஆடினார். மகளிர் கிரிக்கெட் 2006இல் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழ் வந்தது. ஒருநாள் போட்டிகளில் இவர் அறிமுகமானதும் அதே ஆண்டில்தான். மகளிர் ஆட்டத்தில் பணம் புழங்காத அக்காலத்தில், வேலை தந்து வீராங்கனைகளை நிலைநிறுத்தியது ரயில்வே. உள்நாட்டுப் பட்டங்களில் பெரும்பகுதி அந்த அணிக்கே போனதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

2013 ஜனவரி 31 அன்று மும்பை பிரபோர்ன் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 ரன் எடுத்து, மகளிர் உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியர் ஆனார். பூனம் ராவுத்துடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 175 ரன் குவித்தார்.

2014 நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆடிய இரண்டாவது டெஸ்ட்டே இவரது ஆட்டவாழ்வின் உச்சம். இரட்டைச் சதத்துக்கு 8 ரன் குறைவாக 192 எடுத்தார். பூனம் ராவுத் 130. இருவரும் இரண்டாம் விக்கெட்டுக்குச் சேர்த்தவை 275 ரன். இந்தியா ஓர் இன்னிங்ஸ் மற்றும் 34 ரன் வித்தியாசத்தில் வென்றது. அப்போது இந்திய மகளிர் டெஸ்ட்டில் இதைவிடப் பெரிய தனிநபர் எண்ணிக்கை மிதாலி ராஜின் 214 (2002) மட்டுமே.

இத்தகைய ஆட்டத்துக்குப் பிறகும் இவருக்கு மூன்றாவது டெஸ்ட் வாய்க்கவில்லை. இந்திய மகளிர் அணி அடுத்த டெஸ்ட்டை 2021 ஜூனில்தான் ஆடியது.