புகைபோக்கியில் ஒரு முகம்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் வடக்கே, சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் பாரடைஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. தமிழில் சொன்னால் சொர்க்கம். பைன் மரங்களுக்கு நடுவே மரவீடுகள், சிறு கடைகள், தேவாலயங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் செலவு குறைவு என்று தேடிவந்து தங்கும் ஊர். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 26,218. பத்து வருடம் கழித்து 2020 கணக்கெடுப்பில் 4,764!

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு நாள். 2018 நவம்பர் 8, வியாழக்கிழமை.

அந்தத் தீயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே எழுத நினைப்பது, தீ அணைந்த பிறகு அந்தச் சாம்பலுக்கு நடுவே சிலர் வரைந்த படங்களைப் பற்றி. ஆனால் படங்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தீயைக் கொஞ்சம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு கொக்கியின் தேய்மானம்

பாரடைஸுக்குக் கிழக்கே மலைப்பள்ளத்தாக்கில் 1,15,000 வோல்ட் மின்சாரம் போகும் ஒரு உயர் அழுத்த மின்பாதை. 1921இல் போடப்பட்டது. பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சார நிறுவனம் 1930இல் அதை வாங்கியது. அதில் ஒரு கோபுரத்தில், கம்பியைத் தாங்கும் பீங்கான் கோர்வை ஒரு இரும்புக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் கொக்கி ஆடும், ஆடும்போதெல்லாம் உராயும். கிட்டத்தட்ட நூறு வருடம் இப்படியே தேய்ந்து தேய்ந்து, அன்று காலை ஆறரை மணி வாக்கில் ஒடிந்தது. மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்த கம்பி கோபுரத்தின் மேல் பட்டது. உருகிய உலோகத் துளிகள் கீழே காய்ந்து கிடந்த புல்லில் விழுந்தன.

நான் படிப்பது வணிகவியல். எங்கள் கணக்குப் பாடத்தில் முதல் வருடமே வரும் சொல் 'தேய்மானம்'. ஒரு இயந்திரத்தின் மதிப்பை வருடா வருடம் ஏட்டில் குறைத்துக்கொண்டே வருவோம். ஒரு கட்டத்தில் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடும், கணக்கும் முடிந்துவிடும். ஏட்டில் மதிப்பு தீர்ந்துபோன பொருள், வெளியே மலை மேல் இன்னும் பாரம் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று பரீட்சையில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கொக்கியைப் பற்றிப் படித்த பிறகு அந்தச் சொல்லை என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை.

அந்த வருடம் மழை பெய்ய வேண்டிய காலத்தில் பெய்யவில்லை. காற்றோ பள்ளத்தாக்கு வழியாகப் பலமாக இறங்கிக்கொண்டிருந்தது. கங்குகள் தீக்கு முன்னால் பறந்து போய் ஊருக்குள் விழுந்தன. எட்டு மணி வாக்கில் பாரடைஸ் எரிய ஆரம்பித்துவிட்டது. ஊரைவிட்டு வெளியேறச் சில சாலைகள்தான். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் காரை எடுத்தால் என்ன ஆகும்? சாலை அடைத்துக்கொண்டது. காரை விட்டுவிட்டு நெருப்புக்கு நடுவே நடந்தவர்கள் பலர்.

தீ முழுவதும் கட்டுக்குள் வர நவம்பர் 25 ஆனது. 1,53,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 18,804 கட்டடங்கள் அழிந்தன. 85 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். காரில்லாதவர்களும் நடக்க முடியாதவர்களும் அதில் உண்டு.

எரியாமல் நின்றவை

அங்கே வீடு என்றால் பெரும்பாலும் மரச்சட்டங்களால் கட்டியது. மரவீடு எரிந்தால் சுவர் மிஞ்சாது, கூரை மிஞ்சாது. மிஞ்சுவது ஒன்றுதான்: கணப்பு அடுப்பும் அதன் மேலே செங்கல்லால் கட்டிய புகைபோக்கியும். வீட்டுக்குள் நெருப்பைப் பத்திரமாக வைத்திருப்பதற்காகக் கட்டியது அது. வெளியிலிருந்து வந்த நெருப்பிலும் அதுமட்டும் நின்றது. அன்றைக்கு எடுத்த புகைப்படங்களைப் பார்த்தால் சாம்பல் தரையில் வரிசை வரிசையாகப் புகைபோக்கிகள் நிற்கும்.

இந்த இடத்தில் வருகிறார் ஷேன் கிராமர். பாரடைஸுக்குப் பக்கத்து நகரமான சிகோவில் வளர்ந்தவர். இளம் வயதில் கிராஃபிட்டி வரைந்தவர், பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போய் கேளிக்கைப் பூங்காக்களுக்கு வடிவமைப்புச் செய்யும் வேலையில் இருந்தார். அவருடைய நண்பர் ஒருவரின் வீடு பாரடைஸில் எரிந்துபோனது. நண்பர் வெளியிட்ட படத்தில் வெள்ளைப் புகைபோக்கி மட்டும் தனியாக நின்றது. அதில் வரைய வேண்டும் என்று கிராமருக்குத் தோன்றியது. நண்பரும் சரி என்றார்.

2018 டிசம்பர் 31. வருடத்தின் கடைசி நாள். ஸ்பிரே பெயிண்ட் டப்பாக்களோடு போய், சில மணி நேரத்தில் அந்தப் புகைபோக்கியில் ஒரு பெண்ணின் முகத்தை வரைந்து முடித்தார். கறுப்பு வெள்ளைதான். வேறு நிறம் அதிகம் இல்லை. சுற்றிலும் சாம்பல் நிறமாகக் கிடக்கும் இடத்தில், அதே சாம்பல் நிறத்திலிருந்து ஒரு முகம் எழுந்து நம்மைப் பார்ப்பது போல இருக்கும்.

படம் இணையத்தில் பரவியது. ஊர்க்காரர்கள் பலர் அவரைத் தொடர்பு கொண்டார்கள், எங்கள் இடத்திலும் வரையுங்கள் என்று. அடுத்த மாதங்களில் அவர் திரும்பத் திரும்ப வந்து பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வரைந்தார். எரிந்த தேவாலயத்தில் மிஞ்சிய சுவரில் இயேசுவின் முகம். ஒரு மொபைல் ஹோம் குடியிருப்பில், அங்கேயே வாழ்ந்து தீயில் இறந்துபோன ஒரு வயதான பெண்மணியின் முகம்.

இந்தக் கடைசிப் படத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அதுவரை அழகான படங்கள். இங்கே வந்ததும் அது ஒரு ஆளின் படம். 85 என்ற எண்ணுக்குள் இருந்து ஒருவர் மட்டும் தனியாக வெளியே வந்து நிற்கிறார்.

"இது எதற்கு?" என்ற கேள்வி

நியாயமான கேள்விதான். ஜனங்கள் கூடாரத்திலும் உறவினர் வீட்டிலும் கிடக்கும்போது சுவரில் படம் வரைந்து யாருக்கு என்ன லாபம்? குழாய்த் தண்ணீரில் பென்சீன் என்ற நச்சு கலந்து, குடிக்க முடியாமல் இருந்த நேரம் அது. இன்னொரு சந்தேகமும் வரும். வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு ஓவியர் அடுத்தவர் துக்கத்தைத் தன் கலைக்கு விளம்பரமாக ஆக்குகிறாரோ?

முதல் கேள்விக்கு என் பதில்: அந்தப் படங்கள் தண்ணீர் தரவில்லை, வீடு தரவில்லை, உண்மைதான். ஆனால் எரிந்த வீட்டைப் பார்க்கப் பயந்துகொண்டு வந்தவர்களுக்கு, அங்கே பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இருந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்த இடங்களிலேயே இருக்கிறது. முதல் படம் நண்பர் ஒத்துக்கொண்டு வரைந்தது. பிறகு வந்த அழைப்புகள் வீட்டை இழந்தவர்களுடையவை. கேட்டு வரைவதற்கும் கேட்காமல் வரைவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

அதே ஊர்ப்பக்கத்தில் வாழ்ந்த இன்னொரு கலைஞர் ஜெஸ்ஸி மெர்சர். இவர் கேட்டது சாவிகளை! யோசித்துப் பாருங்கள், தப்பி ஓடியவர்கள் எல்லோர் பையிலும் ஒரு வீட்டுச் சாவி இருந்தது. பூட்டு இல்லை, கதவு இல்லை, வீடே இல்லை. சாவி மட்டும் இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வராது, வைத்துக்கொண்டும் பிரயோஜனம் இல்லை. அவர் பல இடங்களில் பெட்டிகள் வைத்து அந்தச் சாவிகளைச் சேகரித்தார். வீட்டுச் சாவி, கார் சாவி, கடைச் சாவி, பள்ளிச் சாவி என்று சுமார் 18,000. அத்தனையையும் இணைத்து ஒரு ஃபீனிக்ஸ் பறவைச் சிற்பம் செய்தார். தீயின் முதலாம் ஆண்டு நினைவு நாளான 2019 நவம்பர் 8 அன்று அது பாரடைஸில் திறந்து வைக்கப்பட்டது.

படங்கள் எங்கே போயின?

எரிந்த வீடு என்பது சட்டப்படி அபாயக் கழிவு. சாம்பலில் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் போன்றவை கலந்திருக்கும். அதை எடுத்து, மண்ணைச் சுரண்டிச் சோதனை செய்த பிறகுதான் அங்கே மறுபடி வீடு கட்ட முடியும். அரசு நடத்திய அந்தத் துப்புரவு வேலையில் 2019 நவம்பர் வரை 36 லட்சம் டன்னுக்கு மேல் கழிவுகள் அள்ளப்பட்டன. விழுந்துவிடும் என்பதால் புகைபோக்கிகளும் இடிக்க வேண்டியவைதான். கிராமர் வரைந்த படங்களில் பலவும் இப்படியே போயின.

இது யாருடைய குற்றமும் இல்லை. இடித்தால்தான் ஊர் திரும்ப வரும். வரையும்போதே தெரியும், இந்தச் சுவர் நிற்காது என்று. தெரிந்தேதான் வரைந்தார்.

அந்தத் தீயில் ஊரின் பழைய நினைவுகளே எரிந்துபோயிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1859இல் பக்கத்தில் டாக்டவுன் என்ற இடத்தில் 54 பவுண்டு எடையுள்ள தங்கக்கட்டி கிடைத்தது. அந்தக் காலத்து வரலாற்றைச் சொல்லும் 'கோல்ட் நகட்' அருங்காட்சியகம் எரிந்தது. 1886இல் கட்டிய ஹனி ரன் என்ற கூரை போட்ட மரப்பாலமும் எரிந்தது. நூறு வருடத்துக்கு மேல் நிற்கும் என்று கட்டியவை ஒரே நாளில் போய்விட்டன. சில மாதம்கூட நிற்காது என்று தெரிந்து வரைந்தவை, புகைப்படங்களாக உலகம் முழுக்க இருக்கின்றன. எது நிலைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

நீதிமன்றத்தில் முகங்கள்

கடைசியாக ஒன்று. 2020 ஜூன் 16, சிகோ நகர நீதிமன்றம். மின்சார நிறுவனத்தின் மேல் 84 பேரின் சாவுக்குக் காரணமானதாக வழக்கு. நீதிபதி ஒவ்வொரு பெயராக வாசித்தார். வாசிக்கும்போது இறந்தவரின் புகைப்படம் திரையில் வந்தது. நிறுவனத்தின் தலைமை அதிகாரி பில் ஜான்சன் ஒவ்வொரு பெயருக்கும் "குற்றவாளி" என்று நிறுவனத்தின் சார்பில் ஒப்புக்கொண்டார். 84 தடவை. அவர் அந்தப் பதவிக்கு வந்ததே தீக்குப் பிறகுதான், 2019 மே மாதம். அந்த நிறுவனத்துக்கு இது முதல் குற்றமும் இல்லை. 2010இல் சான் புரூனோவில் அதன் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்த வழக்கில் 2016இலேயே குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தது.

தண்டனை என்ன? நிறுவனத்தைச் சிறையில் போட முடியாது. ஒரு சாவுக்குச் சட்டம் அனுமதித்த உச்ச அபராதம் 10,000 டாலர். எல்லாம் சேர்த்து சுமார் 35 லட்சம் டாலர். அபராதம் வேறு, நஷ்டஈடு வேறு. இந்தத் தீயிலும் அதற்கு முந்தைய சில தீக்களிலும் பாதிக்கப்பட்டவர்களுக்காக 1,350 கோடி டாலர் என்று ஒப்பந்தம் ஆனது. அதிலும் பாதி பணமாக, பாதி அந்த நிறுவனத்தின் பங்குகளாக! அதாவது, வீட்டை எரித்த நிறுவனத்தின் பங்குவிலை ஏறினால்தான் வீடு இழந்தவருக்கு முழுப்பணம். வகுப்பில் பங்குதாரர் நலன் என்று படிப்போமே, அதற்கு இப்படி ஒரு அர்த்தமும் உண்டு.

இவ்வளவு கணக்குக்கும் நடுவில் அந்த நீதிமன்றம் செய்த ஒரு காரியம், புகைப்படங்களைத் திரையில் காட்டியது. சட்டத்துக்குப் பெயர் போதும், எண் போதும். ஆனாலும் முகத்தைக் காட்டினார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஸ்பிரே டப்பாவோடு வந்த ஒருவர் ஒரு மொபைல் ஹோம் குடியிருப்பில் செய்ததும் அதேதான். எண்ணாகிப்போன ஒருவரை மறுபடி முகமாக்குவது.

கொக்கியின் விலையைக் கணக்கில் எழுதலாம். அபராதத்தை எழுதலாம், பங்கின் மதிப்பை எழுதலாம். 18,000 சாவிகளை எந்தத் தலைப்பில் எழுதுவது? எந்தப் பேரேட்டில் அந்த முகம் வரும்? என் பாடப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. அதனால்தான் சுவர் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன், இடிக்கப்போகிற சுவராக இருந்தாலும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு புகைபோக்கியையாவது அந்தப் படத்தோடு இடிக்காமல் ஊருக்கு நடுவே விட்டிருக்க வேண்டுமா? இல்லை, தினமும் அதைக் கடந்து போகிறவர்களுக்கு அது வலியாகத்தான் இருந்திருக்குமா? எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. சொல்லுங்கள், பேசுவோம்.